மேசைக்கு வெளியே நின்றவர்கள்

அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பெயர்களை முன்மொழியக் கடைசி நாள் ஜனவரி 31. வியட்நாம் போரை நிறுத்துவதற்கான பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது 1973 ஜனவரி 27. இடையே கிடைத்த நாட்களை வீணாக்காமல் ஒஸ்லோவில் ஒருவர் கடிதம் எழுதினார். 29ஆம் தேதியிட்ட அந்தக் கடிதத்தை எழுதிய யோன் சான்னெஸ் வெளியாள் அல்ல. பரிசைத் தீர்மானிக்கும் ஐவர் குழுவிலேயே ஓர் உறுப்பினர். ஒப்பந்தத்தைப் பேசி முடித்த அமெரிக்காவின் ஹென்றி கிஸ்ஸிங்கருக்கும் வட வியட்நாமின் லெ டுக் தோவுக்கும் பரிசைப் பகிர்ந்து கொடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. இந்த ஒப்பந்தம் நடைமுறையில் என்னவாகும் என்பது போகப்போகத்தான் தெரியும் என்றும் அவரே அதில் எழுதியிருந்தார். நோபல் குழுவின் ஆவணங்களை ஐம்பது ஆண்டுகள் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இந்தக் காகிதம் 2023 ஜனவரியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்த யோசனைப்படியே இருவருக்கும் தரப்பட்ட 1973 பரிசைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. நியூயார்க் டைம்ஸ் அதைப் போர்ப் பரிசு என்று தலையங்கத்திலேயே குத்தியது. குழுவிலிருந்து இருவர் விலகினார்கள். அந்தக் கேலியில் நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. போர் நடத்தியவருக்கு ஏன் அமைதிப் பரிசு என்ற கேள்வியும் என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. போரை நிறுத்துகிற அதிகாரம் போர் நடத்துகிறவர் கையில்தானே இருக்கிறது? சண்டையே போடாத நல்லவர்களுக்கு மட்டும் பரிசு என்றால் ராஜதந்திரிகளை அந்தப் பட்டியலுக்குள் விடவே முடியாது. என்னை உறுத்துவது வேறு. அரசியல் தலைவர்களுக்கு இந்தப் பரிசு தரப்படும்போதெல்லாம் மேசையின் இருபக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணில் படுகிறார்கள். யாருடைய நிலம், யாருடைய உயிர் அந்த மேசைமேல் கிடந்ததோ அவர்கள் பெரும்பாலும் அறையிலேயே இல்லை.

பாரிஸ் மேசையின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கா, வட வியட்நாம், சைகோனிலிருந்த தென் வியட்நாம் அரசு, தெற்கில் அந்த அரசை எதிர்த்துப் போரிட்ட தேசிய விடுதலை முன்னணி என்று நான்கு தரப்பும் கூடவேண்டியிருந்தது. முன்னணியைத் தனித் தரப்பாக ஏற்க சைகோன் மறுத்தது. மேசை நாலு பக்கமா, இரண்டு பக்கமா, வட்டமா என்று 1968 நவம்பரிலிருந்து 1969 ஜனவரி வரை வாதாடினார்கள். கடைசியில் ஒரு வட்ட மேசை, அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் சுமார் 45 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு நீள்சதுர மேசைகள், கொடி கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது என்று முடிந்தது. இரு தரப்பு என்பாருக்கு இரு தரப்பாகவும் நான்கு என்பாருக்கு நான்காகவும் தெரிகிற மாதிரி ஒரு தச்சு வேலை. அந்த வாரங்களில் வியட்நாமில் செத்தவர்களை நினைத்தால் சிரிப்பு வராது. ஆனால் சைகோன் அரசு வீம்புக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. மேசையின் வடிவத்தில்தான் தன் பிழைப்பு இருக்கிறது என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

தெரிந்தும் பயனில்லை. உண்மையான பேச்சு அந்த மேசையில் நடக்கவே இல்லை. 1970 பிப்ரவரியில் பாரிஸுக்குத் தெற்கேயுள்ள ஷுவாசி-ல-ருவா என்ற தொழிலாளர் புறநகரில் ஒரு சாதாரண வீட்டில் கிஸ்ஸிங்கரும் லெ டுக் தோவும் ரகசியமாகச் சந்திக்கத் தொடங்கினார்கள். வட வியட்நாம் தூதுக்குழுவைத் தங்கவைத்துக் கவனித்துக்கொண்டது பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சி. கிஸ்ஸிங்கரைக் காதும் காதும் வைத்தாற்போல் கொண்டுவந்து இறக்கும் பொறுப்பு பாரிஸ் தூதரகத்திலிருந்த ராணுவ அதிகாரி வெர்னன் வால்ட்டர்ஸுடையது. தூதுக்குழுவின் தலைவர் என்று ஊருக்குக் காட்டப்பட்டவர் சுவான் துய். தோவுக்கு வெறும் 'சிறப்பு ஆலோசகர்' பட்டம். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் அந்த ஆலோசகரிடம்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் சிறைகளில், கொடுமைக்குப் பேர்போன கொன் டாவ் தீவு உட்பட, இளமையைக் கழித்தவர் அவர். பொலிட்பீரோ உறுப்பினர். மணிக்கணக்கில் வரலாறு சொல்லி எதிராளியைக் களைப்படைய வைப்பதில் வல்லவர் என்று கிஸ்ஸிங்கரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

1972 அக்டோபரில் இந்த இருவரும் வரைவை முடித்துவிட்டார்கள். கிஸ்ஸிங்கர் அதை எடுத்துக்கொண்டு சைகோனுக்குப் போனார். தன் நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் ஆவணத்தைத் தென் வியட்நாம் அதிபர் நுயென் வான் தியூ அப்போதுதான் முழுசாகப் பார்க்கிறார். கிஸ்ஸிங்கர் கையில் இருந்தது ஆங்கிலப் பிரதி. வியட்நாமியப் பிரதியைத் தாங்கள்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்று தியூவின் அந்தரங்கச் செயலாளர் ஹொவாங் டுக் நா பின்னாளில் நினைவுகூர்ந்தார். வட வியட்நாமின் படைகள் தெற்கில் இருந்த இடத்திலேயே இருக்கலாம், அமெரிக்கப் படைகள் 60 நாட்களில் வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. தியூ 69 திருத்தங்கள் கேட்டார். பேச்சு முறிந்தது. டிசம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சன் வடக்கின் ஹனோய் மீதும் ஹைஃபோங் மீதும் பி-52 விமானங்களை ஏவினார். கிறிஸ்துமஸுக்கு ஓர் இடைவெளி விட்டு, 18ஆம் தேதியிலிருந்து 29 வரை குண்டு விழுந்தது. பாக் மாய் மருத்துவமனையும் காம் தியென் தெருவும் தரைமட்டமாயின. வடக்கின் கணக்குப்படி இறந்த பொதுமக்கள் 1,600க்கும் மேல். ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தம் அக்டோபர் வரைவிலிருந்து பெரிதாக எதிலும் மாறவில்லை. நீங்கள் வராவிட்டால் நான் தனியாகக் கையெழுத்திடுவேன் என்று நிக்சன் தியூவுக்கு எழுதினார்; தியூ வழிக்கு வந்தார்.

கையெழுத்திலும் ஒரு கூத்து. முன்னணி அமைத்த தற்காலிகப் புரட்சி அரசின் பெயர் இருக்கும் தாளில் கையெழுத்திட சைகோன் தயாராக இல்லை. ஆகவே அந்தப் பெயரைச் சொல்லாத ஒரு பிரதியில் காலையில் நான்கு தரப்பும், பெயர் சொல்லும் இன்னொரு பிரதியில் பிற்பகலில் அமெரிக்காவும் வட வியட்நாமும் மட்டும் கையெழுத்திட்டன. ஒரே நாளில் ஒரே அமைதிக்கு இரண்டு பிரதிகள்.

அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று பரிசு அறிவிக்கப்பட்டபோது தெற்கில் சண்டை ஓயவில்லை. இரு பக்கமும் போர்நிறுத்தத்தை மீறிக்கொண்டிருந்தன. மத்தியக் கிழக்கில் வேறொரு போர் உச்சத்தில் இருந்தது. சிலேயில் அதிபர் அயெந்தேயின் அரசு கவிழ்க்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நமக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1971இல் கிழக்கு பாகிஸ்தானில் படுகொலை நடந்தபோது, பெய்ஜிங்குக்குப் பாதை திறந்துகொடுத்த பாகிஸ்தான் அதிபர் யாஹியா கானைப் பகைக்கக் கூடாது என்று வாய்மூடியிருந்ததும், டிசம்பரில் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியதும் இதே நிக்சன்–கிஸ்ஸிங்கர் இணைதான்.

தோ பரிசை மறுத்தார். அமைதிப் பரிசைத் தானாக முன்வந்து மறுத்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். பாரிஸ் ஒப்பந்தம் மதிக்கப்பட்டு, துப்பாக்கிகள் ஓய்ந்து, தென் வியட்நாமில் உண்மையிலேயே அமைதி வந்தபிறகு வேண்டுமானால் பரிசீலிக்கிறேன் என்று எழுதிவிட்டார். இதை வைத்து அவரைத் துறவியாக்கிவிடக் கூடாது. அமைதி வரவில்லை என்பது அவரைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரிந்திருக்க முடியாது. அதை வரவிடாமல் வைத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். 1975 வசந்தத்தில் சைகோனைப் பிடிக்கும் இறுதிப் படையெடுப்பைக் கட்சியின் சார்பில் மேற்பார்வையிடத் தெற்கே போனதும் அவர்தான். பரிசின் நூற்றாண்டு வரலாற்றில் ஆக நேர்மையான மறுப்பு, போரைத் தொடரப்போகிற ஒருவரிடமிருந்து வந்தது என்பது எனக்குக் கசப்பான வேடிக்கையாகத் தோன்றுகிறது. ஏற்றுக்கொண்டவரோ ஒஸ்லோவுக்குப் போகவில்லை. அமெரிக்கத் தூதரை அனுப்பிவைத்தார். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்ததும் பரிசைத் திருப்பித் தர முன்வந்தார். குழு வாங்க மறுத்தது. கொடுத்ததைத் திரும்பப் பெற அதன் விதிகளில் வழியே கிடையாது.

1973 ஒரு விதிவிலக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? பழைய பட்டியலைப் புரட்டினால் முடியாது என்றுதான் தோன்றுகிறது.

அமைதிப் பரிசு பெற்ற முதல் பெரிய அரசியல் தலைவர் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், 1906இல். ரஷ்ய–ஜப்பானியப் போரை நிறுத்தும் ஒப்பந்தத்தை 1905 செப்டம்பரில் போர்ட்ஸ்மத்தில் முடித்துவைத்ததற்காக. சண்டை பெருமளவுக்கு மஞ்சூரியாவையும் கொரியாவையும் பற்றியது. ஒப்பந்தத்தில் கொரியாமீது ஜப்பானுக்கு மேலான உரிமை உண்டென்று ரஷ்யா ஒப்புக்கொண்டது. மேசையில் கொரியர் யாரும் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்டில், இரண்டு கொரியர்கள் ஆய்ஸ்டர் பேயிலிருந்த ரூஸ்வெல்ட்டின் வீட்டுக்கே போய் மனு கொடுத்தார்கள். 1882ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அமெரிக்கா எங்களுக்கு உதவ வேண்டாமா என்று கேட்டார்கள். உங்கள் தூதரகம் வழியாக அனுப்புங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார் அவர். போனவர்களில் ஒருவர் சிங்மன் ரீ; நாற்பத்து மூன்று ஆண்டு கழித்துத் தென் கொரியாவின் முதல் அதிபர் ஆனவர். 1905 நவம்பரிலேயே கொரியா ஜப்பானின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. 1907இல் ஹேக் நகரில் இரண்டாம் உலக அமைதி மாநாடு கூடியபோது கொரியப் பேரரசர் கோஜோங் மூன்று தூதர்களை ரகசியமாக அனுப்பினார். அமைதி மாநாட்டின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. மூவரில் ஒருவர் அந்த ஊரிலேயே இறந்துபோனார். 1910இல் நாடே போய்விட்டது.

சுவிட்சர்லாந்தின் லொகார்னோவில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் கதை இன்னும் நுட்பமானது. 1925இல் ஜெர்மனி தன் மேற்கு எல்லையை ஒப்புக்கொண்டது. அதற்காக பிரிட்டனின் ஆஸ்டின் சேம்பர்லினுக்கும் பிரான்சின் பிரியானுக்கும் ஜெர்மனியின் ஸ்ட்ரேஸமனுக்கும் அடுத்தடுத்துப் பரிசு. கிழக்கு எல்லைக்கு அப்படிப்பட்ட உத்தரவாதம் எதுவும் இல்லை. போலந்தின் ஸ்க்ஷின்ஸ்கியும் செக்கோஸ்லோவாக்கியாவின் பெனெஷும் லொகார்னோவுக்கு வந்திருந்தார்கள்தான். முக்கியமான பேச்சுகளின்போது கூப்பிடும்வரை வெளியே காத்திருந்தார்கள். நம் ஊரில் அண்ணன் தம்பிகள் கூடத்தில் உட்கார்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது, அந்த வயலை முப்பது வருடமாக உழுத குத்தகைக்காரர் வாசலில் நின்றுகொண்டிருப்பாரே, அதேபோல. 1938இலும் 1939இலும் எந்த எல்லைகளில் தீ பிடித்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1978இல் அமெரிக்க அதிபரின் மலை முகாமான கேம்ப் டேவிட். எகிப்தின் சாதத்துக்கும் இஸ்ரேலின் பெகினுக்கும் பரிசு. அங்கே உருவானவை இரண்டு ஆவணங்கள். எகிப்து–இஸ்ரேல் பற்றியது உடன்படிக்கையாகி இன்றும் நிற்கிறது; அதைச் சிறியது என்று நான் சொல்ல மாட்டேன். மற்றொன்று மேற்குக் கரையும் காஸாவும் பற்றியது. அதை எழுதிய பதின்மூன்று நாட்களில் பாலஸ்தீனர் எவரும் அந்த மலை முகாமில் இல்லை. அது காகிதத்தோடு நின்றுவிட்டது. 2019இல் எத்தியோப்பியாவின் அபி அகமது, எரித்ரியாவுடனான இருபது ஆண்டுப் பகையை முடித்ததற்காகப் பரிசு பெற்றார். பகையின் மையம் பத்மே என்ற சிற்றூர். எத்தியோப்பியப் பக்கத்தில் அது வடக்கு மாநிலமான திக்ராயைச் சேர்ந்தது. அதை எரித்ரியாவுக்குக் கொடுக்கத் தயார் என்று 2018இல் அறிவித்தபோது எல்லையோர மக்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று தெருவுக்கு வந்தார்கள். 2020 நவம்பரில் திக்ராய்மீது போர் தொடங்கியது. அமைதி செய்துகொண்ட இரு அரசுகளின் படைகளும் அதில் ஒரே பக்கம் நின்றன. போரை நிறுத்தும் சிறப்புப் பொறுப்பு அபிக்கு உண்டு என்று 2022 ஜனவரியில் நோபல் குழு அறிக்கை விட்டது. அதற்கு மேல் அதனால் என்ன செய்ய முடியும்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1950இல் பரிசு பெற்ற ரால்ஃப் பன்ச் எனக்கு மிகவும் பிடித்தமானவர். ஐ.நா. சமரசத் தூதர் பெர்னடோட் 1948 செப்டம்பரில் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவர் இடத்துக்கு வந்து, ரோட்ஸ் தீவு ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்து, இஸ்ரேலுக்கும் அண்டை அரபு நாடுகளுக்கும் இடையே ஒவ்வொன்றாகப் போர்நிறுத்த ஒப்பந்தங்களைப் பின்னி எடுத்தவர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பேச்சு முடிந்ததும் எல்லோருக்கும் நினைவுப் பரிசாகப் பீங்கான் தட்டுகளைக் கொடுத்தாராம். ஒப்பந்தம் ஆகாமல் போயிருந்தால் இவற்றை என்ன செய்திருப்பீர்கள் என்று ஒருவர் கேட்க, உங்கள் தலைகளிலேயே உடைத்திருப்பேன் என்றாராம். பரிசு அறிவிக்கப்பட்டபோது, ஐ.நா. ஊழியன் அமைதிக்கு உழைப்பது பரிசுக்காக அல்ல என்று மறுக்கப் பார்த்தார். பொதுச்செயலாளர் ட்ரிக்வே லீ வற்புறுத்தி ஏற்கவைத்தார். இவ்வளவு நல்ல மனிதரின் மேசையிலும் வீடிழந்த ஏழு லட்சம் பாலஸ்தீனர்களுக்கு நாற்காலி இல்லை. அவர் கெட்டிக்காரத்தனத்தின் குறை அல்ல அது. அரசுகளோடு பேச வந்தவரிடம் அரசு இல்லாதவர்களுக்கு இடம் ஒதுக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் தன் வீட்டுக் கதையை நினைக்காமல் இருக்க முடியாது. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் இட்ட கையெழுத்து தமிழர் பிரச்சினையைப் பற்றியது. கையெழுத்திட்ட இருவரில் ஈழத் தமிழர் யாரும் இல்லை. 2002இல் நார்வே நடுவராக வந்தபோது விடுதலைப் புலிகள் மேசையில் ஒரு தரப்பாக உட்கார்ந்தார்கள். அந்த நிறைவில் நம்மில் பலர், தனித் தரப்பாக எங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்ட முஸ்லிம்களைக் கவனிக்கவில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் அவர்கள். அரசுக் குழுவில் ஒருவராக முஸ்லிம் தலைவர் ரவூப் ஹக்கீம் இருந்தார், அது போதும் என்று விடப்பட்டது. வாசலில் நிற்கும்போது வலிப்பது, கூடத்தில் இடம் கிடைத்ததும் மறந்துபோகிறது.

கொலம்பியாவில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. அரசும் ஃபார்க் கெரில்லாக்களும் ஹவானாவில் பேசிக்கொண்டிருந்தபோது, 2014இல், போரில் பாதிக்கப்பட்டவர்களிலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டு பேராக ஐந்து குழுக்கள், மொத்தம் 60 பேர், மேசைக்கு அழைத்துவரப்பட்டார்கள். ராணுவத்தால் பாதிக்கப்பட்டவர், துணைப்படைகளால் பாதிக்கப்பட்டவர், கெரில்லாக்களால் பாதிக்கப்பட்டவர் எல்லோரும் அதில் உண்டு. தங்களைக் கடத்தியவர்களின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசினார்கள். 2016 அக்டோபர் 2 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் ஒப்பந்தம் மயிரிழையில் தோற்றது. ஆனால் போஹயா என்ற ஆற்றங்கரை ஊரில், 2002இல் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தவர்கள்மீது ஃபார்க்கின் எறிகுண்டு விழுந்த அதே ஊரில், 96 சதவீதம் பேர் ஒப்பந்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். எதிர்ப்பு அதிகம் பதிவானது போரின் வெக்கை எட்டாத பல நகரங்களில். ஐந்து நாள் கழித்து அதிபர் சாந்தோஸுக்குப் பரிசு அறிவித்தது நோபல் குழு. தோற்ற ஒப்பந்தத்துக்கு முட்டுக்கொடுக்கத்தான் என்பது வெளிப்படை. முட்டு ஓரளவு நின்றது. பரிசுப் பணத்தை அவர் பாதிக்கப்பட்டவர்களுக்கே எழுதிவைத்தார். போஹயாவில் குடும்பத்தில் பலரை இழந்த லேனர் பலாசியோஸ் ஒஸ்லோ அரங்கில் உட்கார்ந்திருந்தார். கையெழுத்திட்ட இன்னொரு கையான ஃபார்க் தலைவருக்குப் பங்கு இல்லை. ஆயுதத்தை ஒப்படைத்த முன்னாள் கெரில்லாக்கள் நூற்றுக்கணக்கில் அதன்பின் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஆகவே இதையும் வெற்றிக் கதை என்று முடித்துவிட முடியாது.

நோபல் விதிகளின்படி ஒரு பரிசை மூன்று பேர்வரை பகிரலாம். 1994இல் பாலஸ்தீனத் தலைவர் அரஃபாத்துக்கும் இஸ்ரேலியப் பிரதமர் ரபீனுக்கும் கொடுத்தபோது மூன்றாம் பங்கை இன்னொரு இஸ்ரேலியத் தலைவரான பெரெஸுக்குக் கொடுத்தார்கள். 1973இல் மூன்றாம் பங்கு காலியாகவே கிடந்தது. யாருக்குக் கொடுத்திருக்கலாம்? தியூவுக்கு என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். தன் நாட்டுச் சிறைகளை நிரப்பியவர் அவர். ஆனால் பாரிஸ் ஒப்பந்தத்தின் 12ஆவது பிரிவு ஒரு மூன்றாம் தரப்பைப் பற்றிப் பேசுகிறது. தெற்கில் தேர்தல் நடத்த ஒரு தேசிய நல்லிணக்க அவை அமையும், அதில் மூன்று சம பகுதிகள் இருக்கும் என்கிறது. ஒன்று சைகோன், ஒன்று முன்னணி. மூன்றாவது, இரண்டையும் ஏற்காத பௌத்தர்கள், மாணவர்கள், நடுநிலையாளர்கள். அந்த அவை கூடவே இல்லை. மூன்றாம் தரப்பு என்று ஒன்று கிடையாது என்றார் தியூ. 1975க்குப் பிறகு வந்த வெற்றியாளர்களுக்கும் அதற்கான தேவை இருக்கவில்லை.

அந்தத் தரப்பில் ஒரு பெயர் ஒஸ்லோவுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். 1967 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங், முந்தைய பரிசாளர் என்ற உரிமையில், வியட்நாமிய பௌத்தத் துறவி திக் நியாட் ஹானின் பெயரை முன்மொழிந்து, வழக்கத்துக்கு மாறாக அதைப் பகிரங்கமாகவும் அறிவித்தார். அந்த ஆண்டு அமைதிப் பரிசு எவருக்குமே தரப்படவில்லை. பாரிஸில் பேச்சுவார்த்தை நடந்த ஆண்டுகளில் ஹானும் பாரிஸில்தான் இருந்தார்; பௌத்தர்களின் அமைதித் தூதுக்குழுவை நடத்திக்கொண்டு, எந்த மேசைக்கும் அழைக்கப்படாமல். போரில் எந்தப் பக்கமும் சேர மறுத்ததால் சைகோன் அவரை நாட்டுக்குள் விடவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான பின்னும் விடவில்லை. சைகோன் போய் ஹனோய் வந்ததும் விடவில்லை. 1966இல் புறப்பட்டவருக்கு முதல்முறையாக ஊருக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது 2005 ஜனவரியில்.